உப்போடைப்பட்டித் தகவல் மையமும் ஒரு குழவிக்கல்லும்

ஒரு நாடு வளர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கமாக வளர்கிறது, இதுவரை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அது வளரும் நாடு என்று வெளியூர்ப் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டது. அப்புறம் வளராமல் இருக்க முடியுமா?

நாடு வளரத் தொழில் வளர வேண்டும். தொழில் வளர, தொழில் செய்கிறவனுக்குத் தகவல் வேண்டும். தகவல் கொடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். இதிலெல்லாம் சுலபமானது பயிற்சிதான் என்பதால் அரசாங்கம் அங்கேயிருந்து ஆரம்பித்தது.

நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாமவர் காந்திமதிநாதன். நெற்றி அகலமாக இருந்ததால் அவரைத் தலைவராக்கினார்கள். இரண்டாமவர் மரகதவல்லி. எதையும் மூன்று வண்ண மையில் எழுதுகிறவர். மூன்றாமவர் எபனேசர். ஆங்கிலப் புத்தகத்தை நேராகப் பிடிக்கத் தெரிந்தவர். நாலாமவர் பிச்சாண்டி. அவருடைய அப்பா ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். இந்த விவரத்தைப் பிச்சாண்டி விண்ணப்பத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தொழில் தெரிந்த குடும்பம் என்று வேலை கொடுக்காமல் விட்டிருப்பார்கள்.

தலைநகரில் ஆறு மாதப் பயிற்சி. பாடம் நடத்திய பேராசிரியர் பல நாடுகளுக்குப் போய், தகவல் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றித் தகவல் திரட்டி வந்தவர். நாலு பேரும் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் பரீட்சை வந்தது. "தகவல் சேவையில் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?" என்று ஒரு கேள்வி. நாலு பேரும் நோட்டின் முதல் பக்கத்தை நினைவுபடுத்தி, "மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும்" என்று எழுதினார்கள். பேராசிரியர் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் சொன்னது அதுதான். விடைத்தாள் திருத்தியவரும் அதே பயிற்சி பெற்றவர் என்பதால் நாலு பேருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது.

உப்போடைப்பட்டி தொழிற்பேட்டையில் அவர்களுக்கு ஓட்டுக்கூரை போட்ட கட்டடம் ஒன்று கொடுத்தார்கள். வாசலில் 'தொழில் தகவல் மையம்' என்று பலகை. அக்கம்பக்கத்தில் ஓர் அரிசி ஆலை, ஓர் ஐஸ் கம்பெனி, இரண்டு லேத் பட்டறை, ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. இத்தனை பேரும் இத்தனை வருஷமாகத் தகவல் இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள் என்று நாலு பேரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

"தகவல் ஓரிடத்தில் தேங்கி நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் முதல் வாரம் புத்தகங்களையெல்லாம் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தொழிற்பேட்டையைச் சுற்றி வந்தார்கள். யாருக்காகவும் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தேங்கிவிடுமே! ஒரு லேத் பட்டறைக்காரர் பல்சக்கரக் கணக்குப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். ஐஸ் கம்பெனி வரை ஓடி, ஒரு பக்கம் படித்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். எபனேசரின் குதிகால் வெடித்து அவரால் நடக்க முடியாமல் போனதும் தகவலின் ஓட்டம் நின்றது.

"தகவல் தேடி வருகிறவரின் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்பது அடுத்த பாடம். இதைப் பற்றி இரண்டு நாள் விவாதித்தார்கள்.

"ஒருத்தர் இங்க நடந்து வர பத்து நிமிஷம் ஆகுது" என்றார் மரகதவல்லி, பச்சை மையில் குறித்துக்கொண்டே.

"உட்கார்ந்து படிக்க அரை மணி" என்றார் எபனேசர்.

"திரும்பிப் போக இன்னொரு பத்து நிமிஷம்" என்றார் பிச்சாண்டி.

"ஆக, அவர் வராமலே இருந்தால் ஐம்பது நிமிஷம் மிச்சம்" என்று முடித்துவைத்தார் காந்திமதிநாதன். இரண்டு வாரம் கதவைப் பூட்டி வைத்தார்கள். தொழிற்பேட்டைக்கு எத்தனை நிமிஷம் மிச்சமானது என்று தலைநகருக்கு எழுதினார்கள். அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

கதவை மறுபடி திறந்த திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக உள்ளே வந்தவர் சொர்ணலிங்கம் அண்ணாச்சி. அரிசி ஆலை அவருடையது. புழுங்கல் அரிசி அரைக்கிற ஆலை. நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, பாய்லர் ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து அரைப்பார்கள். மனுஷன் வேட்டியெல்லாம் கரியோடு வந்து நின்றார்.

"சார், ஒரே ஒரு கேள்விதான். ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஓடிருவேன்."

"உட்காருங்க" என்றார் காந்திமதிநாதன்.

"உக்கார நேரமில்லை சார். சுத்துப்பட்டுல வெள்ளாமை பண்ணுத சம்சாரிங்க நெல்லு, இருநூறு மூட்டை, தொட்டியில ஊறிக் கெடக்கு. பாய்லர்ல அந்த சேஃப்டி வால்வு இருக்குல்லா, அது ரெண்டு நாளா விசில் அடிச்சிக்கிட்டே கெடக்கு. ஆவி பூரா அது வழியா வெளிய போயிருது. நெல்லுக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. ஃபிட்டரு மகளுக்குப் பேறுகாலம்னு பாலக்காட்டுக்குப் போயிட்டாரு. வியாழக்கிழமைதான் வருவாரு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவிக்கலைன்னா நெல்லு பூரா நாறிப்போவும். சம்சாரிங்க என் தோலை உரிச்சு அதுல நெல்லைக் கட்டிருவாங்க. பொறவு நான் ஆலையைப் பூட்டிட்டு திருப்பூருக்குப் பனியன் மடிக்கப் போவ வேண்டியதுதான்."

"உங்கள் கேள்வி என்ன?"

"அந்த வால்வுக்கு ஒரு கை உண்டு சார். அது நுனியில ஒரு இரும்புக் குண்டு தொங்கும். அதோட சேத்து நம்ம ஆட்டுக்கல் குழவியையும் கட்டித் தொங்கவிட்டா விசில் நின்னுரும்னு ஆலையில ஒருத்தன் சொல்லுதான். கட்டலாமா, கூடாதா? அதான் கேள்வி."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம் படித்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே! பிச்சாண்டிக்கு மட்டும் முகம் வெளிறியது. காந்திமதிநாதன் நோட்டைப் புரட்டினார்.

"பேராசிரியர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர் முதலில் கேட்பது அவருடைய உண்மையான கேள்வி அல்ல. உண்மையான கேள்வி அதற்கு அடியில் இருக்கும். தோண்டித்தான் எடுக்க வேண்டும்."

"தோண்டலாம் சார்" என்றார் எபனேசர். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, குழவி கட்டலாமான்னு ஏன் தெரிஞ்சுக்கணும்?"

"நெல்லு அவியணும்லா?"

"நெல்லு ஏன் அவியணும்?"

"அரிசியாவணும்."

"அரிசி ஏன் ஆகணும்?"

"விக்கணும்யா!"

"ஏன் விக்கணும்?"

"பொழைக்கணும்லா?"

"ஏன் பொழைக்கணும்?"

தூக்கமில்லாத இரண்டு நாள், ஊறிக் கிடக்கும் நெல், பாலக்காட்டில் இருக்கும் ஃபிட்டர் எல்லாம் அண்ணாச்சியின் கண்ணில் வந்து போயின.

"அதான் சார் எனக்கும் புரியலை" என்றார் மெதுவாக.

நாலு பேரும் கைதட்டாத குறை. மரகதவல்லி சிவப்பு மையை எடுத்து, 'பயனாளியின் உண்மையான கேள்வி: மனிதன் எதற்காகப் பிழைத்திருக்க வேண்டும்?' என்று படிவத்தில் எழுதினார். மத்தியானத்துக்குள் இதைப் பற்றி நாற்பத்து மூன்று புத்தகங்களின் பட்டியலைத் தயாரித்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்றுகூட அந்த மையத்தில் இல்லை. ஆனால் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று சுத்தமாக எழுதியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி பட்டியலோடு திரும்பி வந்தார்.

"சார், பட்டியல்ல நாப்பத்து மூணு தலைப்பையும் பாத்தாச்சு. ஒண்ணுலயும் வால்வு வரலை. எனக்கு மனுசன் எதுக்குப் பொழைக்கணும்னு பொறவு பாத்துக்கிடலாம். குழவி கட்டலாமா கூடாதா?"

வந்தவரை அப்படியே திருப்பி அனுப்புவது முறையில்லை என்று, எபனேசர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தார். பாய்லர் பற்றிய புத்தகம். நல்ல குளிர் நாட்டில் அச்சானது. ஒன்பதாம் அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"சார், இருக்கு! சேஃப்டி வால்வின் மேல் எக்காரணம் கொண்டும் கூடுதல் எடை ஏற்றக் கூடாதுன்னு போட்டிருக்கு!"

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "அப்போ கூடாதுங்கீங்க?"

"பொறுங்க" என்றார் காந்திமதிநாதன். "இது வெளிநாட்டுத் தகவல். அப்படியே கொடுக்கக் கூடாது. உள்நாட்டுச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். பேராசிரியர் இதை இரண்டு தடவை சொன்னார்."

"எழுதினது வளர்ந்த நாட்டுக்காரன்" என்றார் மரகதவல்லி. "அவன் முழுசா வளர்ந்துட்டான். அவனுக்கு முழுசா கூடாது. நாம பாதி வளர்ந்திருக்கோம். நமக்குப் பாதிதான் கூடாது."

"அப்ப பாதிக் குழவி கட்டலாமா?" என்று கேட்டார் எபனேசர்.

"அது குழவியை எங்கே உடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது" என்றார் காந்திமதிநாதன். "அதோடு, இதில் கூடுதல் எடை என்றுதான் இருக்கிறது. ஆட்டுக்கல் குழவி என்று எங்கேயாவது இருக்கிறதா?"

எபனேசர் பின்பக்கத்தில் இருந்த சொல்லடைவை முழுவதும் பார்த்தார். குழவி இல்லை. ஆட்டுக்கல்லும் இல்லை. அம்மிகூட இல்லை. பாய்லருக்கும் உப்போடைப்பட்டிக்கும் சம்பந்தமில்லாத புத்தகம் என்று முடிவு செய்து மறுபடியும் அடித்தட்டிலேயே வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

அப்போதுதான் பிச்சாண்டி, அதுவரை வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தவர், மெதுவாகச் சொன்னார்: "சார், எனக்கு இதுக்குப் பதில் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்கப்பா பாய்லர்ல இருந்தவரு. வால்வுதான் பாய்லரோட மூக்கு, அதைப் பொத்தினா என்ன ஆகும்னு சின்ன வயசுலயே சொல்லியிருக்காரு."

"சொல்லும்யா! என்ன ஆவும்? கட்டலாமா கூடாதா?" என்று அண்ணாச்சி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

பிச்சாண்டி சொல்ல வாயெடுத்தார். ஆனால் பயிற்சி பெற்றவர் அல்லவா, தாமே நிறுத்திக்கொண்டார். "சொல்ல முடியாதுங்க. நான் சொன்னா அது என் சொந்த அபிப்பிராயம். அபிப்பிராயம் சொல்லக் கூடாது, அச்சில் வந்த ஆதாரத்தைத்தான் கொடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு."

"உங்கள் தகப்பனார் சொன்னது எங்காவது அச்சாகியிருக்கிறதா?" என்று கேட்டார் காந்திமதிநாதன்.

"இல்லைங்க. அவரு பேரே ஒரே ஒரு தடவைதான் அச்சாச்சு. என் கல்யாணப் பத்திரிகையில."

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "வாயால வேண்டாம். தலையையாவது ஆட்டுங்க. நான் புரிஞ்சுக்கிடுதேன்."

பிச்சாண்டியின் தலை இடமும் வலமுமாக அசையத் தொடங்கியது. காந்திமதிநாதன் பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். "ஆட்டாதீர்கள்! தலையாட்டல் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

மையம் முழுவதும் யோசனையில் மூழ்கியது. பதில் இருக்கிறது, ஆனால் பிச்சாண்டிக்குள் இருக்கிறது. பிச்சாண்டியை அலமாரியில் வைக்க முடியாது. முதுகில் எண் ஒட்டவும் அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் மரகதவல்லிதான் வழி கண்டுபிடித்தார். "அவரை அச்சடிச்சுட்டா என்ன?"

பிச்சாண்டியை ஒரு புத்தகமாகப் போடுவது என்று முடிவாயிற்று. தொழிற்பேட்டை முக்கில் ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிக்கிற அச்சகம். புதன்கிழமை காலைக்குள் முப்பத்திரண்டு பக்கம் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

"அவ்வளவு நேரம் ஆவுமா?" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். "நெல்லு இப்பவே லேசா வாடை அடிக்கி."

"அவசரத்தில் கொடுப்பது தகவலே ஆகாது" என்று காந்திமதிநாதன் அவரை அன்போடு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரிசி ஆலைப் பக்கமிருந்து நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் டக்கென்று நின்றது. அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார், பொறுத்துப் பார்த்தார், கூடாது என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. குழவியைக் கட்டிவிட்டார். ஆவி நெல்லுக்குள் புகுந்தது. முதல் கொப்பரை நெல் நன்றாக அவிந்து வந்தது. அண்ணாச்சி நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

தகவல் மையத்திலும் ஒரே மகிழ்ச்சி.

"பார்த்தீங்களா, நாம பதில் சொல்றதுக்கு முன்னாடியே பிரச்சனை தீர்ந்துபோச்சு" என்றார் மரகதவல்லி. "இதைவிட வேகமா யாராலும் தகவல் கொடுக்க முடியாது."

பிச்சாண்டிக்கு மட்டும் வியர்த்தது. "சார், விசில் அடிச்சா பயப்படாதே, அடிச்ச விசில் நின்னா ஓடிருன்னு எங்கப்பா சொல்லுவாரு."

"அருமையான கருத்து. இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார் காந்திமதிநாதன்.

பத்து மணிக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. தலைப்பு 'கூடாதா?' என்று இருந்தது. 'கூடாது' என்றே வைத்திருக்கலாம். ஆனால் தலைப்பிலேயே பதிலைச் சொல்லிவிட்டால் உள்ளே யார் படிப்பார்கள் என்று கேள்விக்குறியோடு வைத்துவிட்டார்கள். அச்சகத்தில் வேறு படம் இல்லாததால் அட்டையில் ஒரு குத்துவிளக்கும் இரண்டு வாழைமரமும் இருந்தன. உள்ளே காந்திமதிநாதனின் அணிந்துரை, மரகதவல்லியின் வாழ்த்துரை, எபனேசரின் பதிப்புரை, பிச்சாண்டியின் நன்றியுரை. தகவல் என்று பார்த்தால் பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல்.

புத்தகம் வந்துவிட்டால் வெளியீட்டு விழா இல்லாமல் எப்படி? அன்றைக்குப் பதினோரு மணிக்கே விழா. அண்ணாச்சிக்கு ஆள் போயிற்று.

"என்னால வர முடியாதுய்யா. இப்பதான் நெல்லு அவியுது. அந்த வார்த்தையை நீங்களே இங்க வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார் அவர்.

அழைக்கப் போன எபனேசர் மறுத்துவிட்டார். "தகவல் அதைப் பயன்படுத்துற எல்லாருக்கும் போய்ச் சேரணும். ஒருத்தருக்குத் தனியாச் சொன்னா அது ரகசியமாயிடும். ஆலையில வேலை செய்யுற பதினோரு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுப் புத்தகம் வாங்கிக்கணும். டீயும் வடையும் உண்டு."

டீயும் வடையும் என்றதும் பதினோரு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுப்பில் உமி நிறைய எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. கட்டியாயிற்று, ஆனால் கட்டலாமா என்பது இன்னும் தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று அவரும் பின்னாலேயே போனார்.

விழா முறைப்படி நடந்தது. மரகதவல்லி கடவுள் வாழ்த்துப் பாடினார். எபனேசர் வரவேற்றார். தலைமை உரையில் காந்திமதிநாதன் நாடு எப்படி வளர்கிறது என்பதை இருபது நிமிஷம் விளக்கினார். பிச்சாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஆலைப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே சத்தமே இல்லை.

"ஆசிரியர் ஏற்புரை" என்று அறிவித்தார்கள். பிச்சாண்டி எழுந்தார்.

"சொல்லிருங்கய்யா" என்று முன்வரிசையிலிருந்து அண்ணாச்சி கெஞ்சினார்.

பிச்சாண்டி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். நேற்றுவரை அவர் வெறும் பிச்சாண்டி. இப்போது நூலாசிரியர். "என் நூலில் சொல்லியிருப்பதை நானே இங்கே சொல்லிவிட்டால் வாசகர்களின் ஆர்வம் குறைந்துவிடும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முதல் பிரதியை அண்ணாச்சி பெற்றுக்கொண்டார். படம் எடுக்கும்வரை நின்றார். அப்புறம் அவசரமாகப் புரட்டத் தொடங்கினார். அணிந்துரையில், 'இந்நூலின் முடிவை இங்கே வெளியிட்டு வாசகரைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை' என்றிருந்தது. வாழ்த்துரையில் மூன்று வண்ணம். பதிப்புரையில் அச்சகத்துக்கு நன்றி. பதினாறாம் பக்கம் வெற்றிடம். பதினேழாம் பக்கத்தில், நடுவில், பெரிய எழுத்தில் 'கூடாது' என்றிருந்தது.

"ஏல, கூடாதாம்ல! ஓடுங்கல, அடுப்பை அணைங்கல!" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சி வாசலுக்குத் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாய்லர் வெடித்தது.

தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. அரிசி ஆலையின் தகரக் கூரை ஐஸ் கம்பெனி மேல் போய் உட்கார்ந்தது. அவிந்த நெல், அவியாத நெல் எல்லாம் வானத்திலிருந்து பொழிந்தது. மையத்துக்குள் எல்லோரும் தரையில் கவிழ்ந்து கிடக்கும்போது, தலைக்கு மேலே ஓடுகளை உடைத்துக்கொண்டு ஒன்று வந்தது. விழா மேசையின் நடுவில், வடைத் தட்டுக்கும் புத்தகக் கட்டுக்கும் இடையில், தொப்பென்று விழுந்தது. மேசை இரண்டானது. வந்தது ஆட்டுக்கல் குழவி.

அண்ணாச்சி முதலில் ஆட்களை எண்ணினார். பதினோரு பேரும் இருந்தார்கள். ஆளுக்கொரு வடையோடு இருந்தார்கள். ஆலையில் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆலை போனதற்குப் பாதி, ஆட்கள் பிழைத்ததற்குப் பாதி. எனக்கும் இந்த இடத்தில் அந்த நாலு பேரைத் திட்ட மனசு வரவில்லை. அவர்கள் விழா வைக்காமல், ஒழுங்காக ஆலைக்கே போய்ப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் எல்லோரும் பதினேழாம் பக்கத்தைத் தேடிக்கொண்டு பாய்லர் பக்கத்திலேயே நின்றிருப்பார்கள்.

அண்ணாச்சியும் ஆட்களும் ஆலையைப் பார்க்க ஓடினார்கள். நாலு பேரும் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, குழவியைச் சுற்றி நின்றார்கள்.

"இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார் காந்திமதிநாதன்.

"அண்ணாச்சி ஆலையிலிருந்து சார். சொ.லி. என்று பேர் வெட்டியிருக்கு" என்றார் எபனேசர்.

"நாம் ஆலைக்குத் தகவல் கொடுத்தோம். கொடுத்த ஒரு நிமிஷத்தில் ஆலையிலிருந்து இது வந்திருக்கிறது. பேரும் போட்டு வந்திருக்கிறது." காந்திமதிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "தகவல் கொடுத்ததோடு நம் வேலை முடியாது, பயனாளியிடமிருந்து அதைப் பற்றிய கருத்து திரும்பி வர வேண்டும், அப்போதுதான் சேவை முழுமை பெறும் என்று பேராசிரியர் கடைசி நாளில் சொன்னார். இத்தனை வாரத்தில் யாராவது ஒருவர் ஒரு வரி எழுதி அனுப்பினார்களா?"

"இல்லைங்க" என்றார் பிச்சாண்டி. அவருக்கும் கண் கலங்கியது. "இதுதான் முதல்."

"பாராட்டா, குறையா?" என்று மரகதவல்லி பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"குறை சொல்கிறவர்கள் இவ்வளவு வேகமாக அனுப்ப மாட்டார்கள்" என்றார் காந்திமதிநாதன். பாராட்டு என்று பச்சை மையில் பதிவாயிற்று. குழவியின் மேல் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தப் போனார்கள். குழவி கொதித்துக்கொண்டிருந்ததால் முத்திரையின் ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டது. அது இன்னும் நன்றாகப் பதிந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் அண்ணாச்சி கூரையில்லாத ஆலையில், நாறத் தொடங்கிய நெல்லுக்கு நடுவில், ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சம்சாரிகள் நின்றார்கள். தோலை உரிக்க வந்தவர்கள்தான். பாய்லர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை விட்டுவிட்டார்கள். அப்போது தகவல் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அண்ணாச்சி பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

'பெருமதிப்பிற்குரிய பயனாளி அவர்களுக்கு வணக்கம். எங்கள் சேவை குறித்துத் தாங்கள் அனுப்பிய கருத்து நேற்று 12 மணி 10 நிமிடத்துக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. தங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி. ஆனால் விதிமுறைப்படி ஒவ்வொரு கருத்தும் மூன்று பிரதிகளில் வர வேண்டும். ஒன்று எங்கள் கோப்புக்கு, ஒன்று தலைநகருக்கு, ஒன்று எங்களைப் பயிற்றுவித்த பேராசிரியருக்கு. ஆகவே இதே அளவில், இதே எடையில் இன்னும் இரண்டு குழவிகளை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கூரையில் தாங்கள் ஏற்படுத்திய வழியை அடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.'

அண்ணாச்சி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யாரு வீட்டுலயாவது குழவி சும்மா கெடக்கா?" என்று சம்சாரிகளைக் கேட்டார்.

பதினேழு பேர் கையைத் தூக்கினார்கள்.

"ரெண்டு போதும்" என்றார் அண்ணாச்சி. "பாய்லர் வேண்டாம். நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிடுதேன்."